வறட்டிக்குக் கணக்கு உண்டு

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். உங்கள் கட்டுரைகளைத் தொடர்ந்து படிக்கிறேன். எனக்குச் சொந்த ஊர் தர்மபுரி மாவட்டம், அரூர் பக்கம் ஒரு கிராமம். இப்போது டெல்லி பழைய ராஜேந்தர் நகரில் அறை எடுத்துத் தங்கி யுபிஎஸ்சி தேர்வுக்குப் படிக்கிறேன். அப்பா லாரி ஓட்டுகிறார். அம்மா வேலைக்குப் போகவில்லை, வீட்டில்தான் இருக்கிறார். இரண்டு கறவை மாடும் முக்கால் ஏக்கர் நிலமும் உண்டு. தங்கை கல்லூரியில் படிக்கிறாள்.

பயிற்சி வகுப்பில் ஒரு கட்டுரைத் தலைப்பு கொடுத்தார்கள்: 'நாட்டின் வளர்ச்சியை எண்களால் அளக்க முடியுமா?' இந்தியா உலகின் நான்காவது பெரிய பொருளாதாரம் என்று 2025இல் சொன்னார்கள். அதே இந்தியா அதே ஆண்டு வெளிவந்த மனித வளர்ச்சிக் குறியீட்டில் 193 நாடுகளில் 130ஆவது இடம். எதை நம்புவது? யோசித்துப் பார்த்தால், புள்ளிவிவரம் எல்லாமே அதிகாரத்தில் இருப்பவர்கள் தங்களுக்கு ஏற்றபடி வளைத்துக்கொள்வது, எதையும் நம்ப வேண்டாம் என்றுதான் தோன்றுகிறது. பூட்டான் மாதிரி மகிழ்ச்சியை அளப்பதே சரி என்று எழுதலாமா? உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

செ.
பழைய ராஜேந்தர் நகர், டெல்லி

*

அன்புள்ள தம்பி,

தேர்வுக் கட்டுரைக்குக் குறிப்பு கேட்டு வரும் கடிதங்களுக்கு நான் பொதுவாகப் பதில் எழுதுவதில்லை. உங்களுக்கு எழுதக் காரணம், கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்டுப் போன ஒரு வரி. கொஞ்ச நாளாக நான் யோசித்துக்கொண்டிருந்த விஷயத்தில் அது நேராக வந்து விழுந்தது. அதற்கு வருகிறேன். மற்றதை முதலில் முடித்துவிடலாம்.

நான்காவது இடம் என்பது நாட்டின் மொத்த உற்பத்தியை டாலருக்கு மாற்றிப் போடும் வரிசை. 140 கோடிப் பேருக்கு மேல் வாழும் நாடு மொத்தத்தில் பெரிதாகத்தான் இருக்கும். மனித வளர்ச்சிக் குறியீடு கேட்பது வேறு கேள்வி: சராசரி ஆயுள் எவ்வளவு, படிப்பு எவ்வளவு, தலைக்கு வருமானம் எவ்வளவு. 1990இல் பாகிஸ்தான் பொருளியல் அறிஞர் மஹபூப் உல் ஹக் அதை ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் மூலம் கொண்டுவந்தபோது, அவருடைய கேம்பிரிட்ஜ் காலத்து நண்பர் அமர்த்தியா சென்னே முதலில் தயங்கினார். மனித வாழ்க்கையை ஒரே எண்ணில் அடக்குவது முரட்டுத்தனம் என்பது சென்னின் கவலை. ஜிடிபி என்கிற மொத்த உள்நாட்டு உற்பத்தியை எதிர்த்து நிற்க அதே அளவு முரட்டுத்தனமான இன்னொரு எண் வேண்டும் என்பது ஹக்கின் பிடிவாதம். இருவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. இரண்டு பட்டியலும் வேறு வேறு கேள்விக்கு விடை சொல்கின்றன, அதனால் எதை நம்புவது என்று தவிக்க வேண்டியதில்லை. பூட்டானை விட்டுவிடுங்கள். ஆண்டுதோறும் செய்தியில் வரும் உலக மகிழ்ச்சிப் பட்டியல் பூட்டான் முறைப்படி போடுவதும் அல்ல. 0 முதல் 10 வரை படிகள் உள்ள ஏணியில் உங்கள் வாழ்க்கை எந்தப் படியில் நிற்கிறது என்று கேட்டு, பதில்களைச் சராசரி எடுப்பது அது.

ஆனால் 'புள்ளிவிவரம் எல்லாமே வளைத்துக்கொள்வது, எதையும் நம்ப வேண்டாம்' என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. நாளைக்கு ஒரு மாவட்டத்தின் ஆட்சியராக உட்கார ஆசைப்படுகிற பிள்ளை பேசுகிற பேச்சா இது? 1971இல் இந்தியாவில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 129 பேர் முதல் பிறந்தநாளுக்கு முன்பே இறந்தார்கள். 2023இல் அது 25. இந்த எண் வானத்திலிருந்து விழவில்லை. தேர்ந்தெடுத்த ஊர்களில் அங்கன்வாடிப் பணியாளரோ ஆசிரியரோ ஒவ்வொரு பிறப்பையும் சாவையும் பதிந்து வைத்து, மாதிரிப் பதிவு முறை என்ற பெயரில் அரை நூற்றாண்டுக்கு மேல் சேர்த்தது. அந்த 129ஐ யாரும் எழுதி வைத்திருக்காவிட்டால், அது விதி என்று சொல்லிக் கைகழுவியிருப்பார்கள். எண் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று கண்முன்னே இருக்கிறது. 2021இல் நடக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தள்ளிப்போனது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் ஒரு மாநிலத்தில் எத்தனை பேருக்கு ரேஷன் என்பதை 2011 கணக்கை வைத்தே இன்னும் முடிவு செய்கிறார்கள். அதற்குப் பிறகு கூடிய மக்களில் எத்தனையோ பேர் அட்டை கிடைக்காமல் நிற்கிறார்கள். கணக்கு இல்லாததால் பணக்காரனுக்கு ஒரு நஷ்டமும் இல்லை, தம்பி. எண்களை மொத்தமாகத் தூக்கி எறியச் சொல்வது ஏழைக்கு ஆதரவான பேச்சு போலத் தெரியும். அது ஏழைக்குச் செய்கிற கெடுதல்.

சரி, அந்த வரிக்கு வருகிறேன்.

'அம்மா வேலைக்குப் போகவில்லை, வீட்டில்தான் இருக்கிறார். இரண்டு கறவை மாடும் முக்கால் ஏக்கர் நிலமும் உண்டு.'

அப்பா லாரியில் போய்விடுகிறார். தங்கை கல்லூரிக்குப் போகிறாள். நீங்கள் டெல்லியில் இருக்கிறீர்கள். அந்த இரண்டு மாடுகளுக்குத் தீவனம் வைப்பது யார்? விடியுமுன் எழுந்து கொட்டாயில் சாணி வாரி, தண்ணீர் காட்டி, கறந்து, தூக்குப் போசியில் ஊற்றி, பால் சொசைட்டிக்காரர் தரம் பார்க்க லாக்டோமீட்டரை விடும்வரை வரிசையில் நின்று, சாயங்காலம் மறுபடி இதே வேலையைச் செய்வது யார்? ராஜேந்தர் நகர் அறை வாடகையில் அந்தப் பால் பணம் ஒரு ரூபாயாவது இல்லை என்று உங்களால் சொல்ல முடியுமா? நாட்டின் வளர்ச்சியை அளப்பதில் என்ன கோளாறு என்று எனக்கு எழுதிக் கேட்கிறீர்கள். அந்தக் கோளாறை உங்கள் கடிதத்திலேயே உங்கள் கையால் செய்துவிட்டுக் கேட்கிறீர்கள்.

உங்கள் அம்மாவின் ஒரு நாளை எடுத்துக்கொண்டு, ஐ.நா.வின் தேசியக் கணக்கு விதிகளை அதன் மேல் வைத்துப் பார்ப்போம். சொசைட்டிக்கு ஊற்றிய பால் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் சேர்கிறது. அதில் சந்தேகமே இல்லை. வீட்டுக்கென்று எடுத்து வைத்த அரை லிட்டர்? அதுவும் சேர்கிறது. ஒரு குடும்பம் தனக்காகவே விளைவிக்கும் பொருளும் உற்பத்திதான் என்கிறது விதி. அந்தப் பாலில் தயிர் தோய்த்து, கடைந்து, வெண்ணெய் எடுத்தால் கோட்பாட்டின்படி அதுவும் பொருள், அதுவும் உற்பத்தி. அப்புறம் அதே பாலைக் காய்ச்சித் தேநீர் போட்டு உங்கள் அப்பா கையில் கொடுக்கிறார். இங்கே கணக்கு நின்றுவிடுகிறது. குடும்பத்தார் குடும்பத்தாருக்கே செய்யும் சமையல், துடைத்தல், துவைத்தல், குழந்தை வளர்ப்பு, நோயாளியைப் பார்த்துக்கொள்வது எல்லாம் சேவை. தனக்குத் தானே செய்துகொள்ளும் சேவை உற்பத்தி எல்லைக்கு வெளியே. பேருந்து நிறுத்தத்து டீக்கடையில் அப்பா குடித்தால் அந்தத் தேநீர் எல்லைக்குள்ளே. உங்கள் அம்மா அரூரில் இன்னொருவர் வீட்டில் சம்பளத்துக்குச் சமைத்தால் அந்தச் சமையலும் உள்ளே. அடுப்பும் கையும் ஒன்றேதான்.

இனி சாணிக்கு வாருங்கள். நம் நாட்டுத் தேசியக் கணக்கில் கால்நடைப் பிரிவு என்று ஒன்று உண்டு. பால், முட்டை, இறைச்சி, கம்பளி, தேன் இவற்றோடு சாணமும் அதில் ஒரு வரி. எருவாகப் போவதற்கும் எரிபொருளாகப் போவதற்கும் மதிப்புப் போட்டு உற்பத்தியில் சேர்க்கிறார்கள். நல்ல வேலை, நான் குறை சொல்லவில்லை. ஆனால் வீட்டு அடுப்புக்கென்று அந்தச் சாணத்தை வறட்டி தட்டுகிற பெண் யார்? அதற்குத் தேசிய மாதிரி ஆய்வின் வேலைவாய்ப்புப் படிவத்தைப் பார்க்க வேண்டும். அதில் ஒவ்வொருவருக்கும் ஒரு குறியெண். சொந்தத் தொழில் 11. வீட்டுத் தொழிலில் கூலியின்றி உதவுபவர் 21. மாதச் சம்பளம் 31. வீட்டுவேலை மட்டும் பார்ப்பவர் 92. வீட்டுவேலையோடு கீரை, விறகு, மாட்டுத் தீவனம் சேகரிப்பது, வீட்டுக்குத் தைப்பது இந்த மாதிரி வேலைகளும் பார்ப்பவர் 93. இந்த 92ம் 93ம் உழைப்பாளர் படைக்கு வெளியே. வேலையில் இருப்பவரும் அல்ல, வேலை தேடுபவரும் அல்ல. ஆக, சாணம் தேசிய வருமானத்தில் இருக்கிறது. அதை அள்ளித் தட்டிக் காயவைத்த பெண் 93. பொருளுக்கு இடம் கொடுத்த கணக்கு, பொருளைச் செய்தவளை வெளியே நிறுத்தியிருக்கிறது.

உங்கள் அம்மா சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறார். அதனால் அவர் 93 கூட அல்ல. விதிப்படி 11 அல்லது 21. உழைப்பாளர் படையில் முறையாக இருக்க வேண்டியவர். கணக்கெடுப்பவர் உங்கள் வீட்டுக்கு வந்தால் யார் பதில் சொல்வீர்கள்? வீட்டில் இருக்கும் ஒருவர் மற்றவர்களுக்கும் சேர்த்துச் சொல்லலாம். அப்பா சொன்னால் 'அவ வீட்டுலதான் இருக்கா' என்பார். படித்த பிள்ளை நீங்களே அப்படித்தான் எனக்கு எழுதியிருக்கிறீர்கள். முடிந்தது, 92. இப்படி எழுதிய குறியெண்கள் மேலே மேலே கூடித்தான் இந்தியப் பெண்களின் உழைப்புப் பங்கேற்பு, அதாவது நூறு பேரில் வேலையில் இருப்பவரும் வேலை தேடுபவரும் எத்தனை பேர், என்று ஓர் எண் ஆகிறது. 15 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் 2017-18இல் அது 23.3 சதவீதம். 2023-24இல் 41.7 சதவீதம். முதல் எண்ணைப் பார்த்து, பெண்கள் வேலையை விட்டு வீட்டுக்குள் போய்விட்டார்கள் என்று புலம்பியவர்கள் உண்டு. இரண்டாவது எண்ணைப் பார்த்துப் பெண்கள் விடுதலை ஆகிவிட்டதாகக் கொண்டாடியவர்களும் உண்டு. இந்த ஏற்றத்தில் சம்பள வேலை அதிகம் இல்லை. சொந்தத் தொழிலும் கூலியில்லா உதவியும்தான் பெரும்பங்கு. உங்கள் அம்மா இரண்டு ஆண்டும் அதே நேரத்துக்கு எழுந்து அதே மாட்டைக் கறந்திருப்பார். அவர் எந்த எண்ணில் இருக்கிறார் என்பது கேட்டவர் துருவிக் கேட்டாரா, சொன்னவர் யார் என்பதைப் பொறுத்தது. ஐ.நா.வின் பாலினச் சமத்துவமின்மைக் குறியீட்டுக்குள்ளும் இந்தப் பங்கேற்பு எண் போகிறது. தர்மபுரித் திண்ணையில் சொன்ன ஒரு பதில் நியூயார்க் அறிக்கைவரை போகிறது, தம்பி.

இது எனக்குப் புத்தகத்தில் படித்துத் தெரிந்த விஷயம் மட்டும் அல்ல. நான் டெல்லி கரோல் பாகில் வளர்ந்தவள். அப்பா மத்திய அரசில் குமாஸ்தா. ஒண்டுக் குடித்தனம், பொதுக் குழாய், வாசலில் அங்கீட்டி என்கிற கரி அடுப்பு. அந்தக் காலத்தில் ஊரிலிருந்து வேலை கிடைத்து வந்த கல்யாணமாகாத பையன்கள் பக்கத்துப் பர்சாத்திகளில், அதாவது மொட்டைமாடி அறைகளில் இருந்தார்கள். சப்பாத்தியும் ராஜ்மாவும் ஒரு மாதத்தில் சலித்துவிடும். அப்படி மூன்று பேருக்கு என் அம்மா மாதப் பணத்துக்குச் சமைத்துப் போட்டாள். காலை எட்டுக்குள் மூன்று டிபன் கேரியர் தயாராக வேண்டும். எங்கள் நாலு பேருக்கும் அந்த மூன்று பேருக்கும் ஒரே சாம்பார்தான், ஒரே ஈயச் சொம்பு ரசம்தான். கேரியர் அடுக்கில் போன சாம்பார் தேசிய வருமானம். எங்கள் தட்டில் விழுந்த சாம்பார் இல்லை. யார் எத்தனை நாள் ஊருக்குப் போனார்கள், எத்தனை வேளை கழிக்க வேண்டும் என்று அம்மா காலண்டர் தாளின் பின்பக்கம் பென்சிலில் எழுதி வைத்திருப்பாள். ஒரு பைசா பிசகாது. என் பள்ளிக்கூடச் சம்பளமும் தம்பியின் கண்ணாடியும் அந்தப் பணத்தில் வந்தவை.

1981 கணக்கெடுப்புக்கு ஓர் ஆசிரியர் வந்தார். நாற்காலி போட்டு, காபி கொடுத்தோம். அப்பா ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டு வந்தார். அம்மாவின் முறை வந்ததும், "வீட்டைப் பார்த்துக்கிறா" என்றார். ஆசிரியர் எழுதிக்கொண்டார். அவர் கால் பக்கத்திலேயே மூன்று கேரியர்கள் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தன. அம்மா கதவோரம்தான் நின்றாள். தம்பியின் வயதை அப்பா தப்பாகச் சொன்னபோது மட்டும் குறுக்கிட்டுத் திருத்தினாள். தன்னைப் பற்றிச் சொன்னதைத் திருத்தவில்லை. எனக்கு அன்று ஆத்திரமாக இருந்தது, இன்றும் இருக்கிறது. அப்பா கெட்டவர் அல்ல. மனைவி சமைத்துச் சம்பாதிக்கிறாள் என்பது சர்க்கார் காகிதத்தில் ஏறுவதை அவர் கௌரவக் குறைவாக நினைத்தார். அவ்வளவுதான். அந்தக் கௌரவம் நாட்டின் கணக்கிலிருந்து ஓர் உழைப்பாளியைக் கழித்தது. பிற்பாடு 2010இல் உச்ச நீதிமன்றம் ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கில், 2001 கணக்கெடுப்பு இல்லத்தரசிகளைப் பிச்சைக்காரர்கள், பாலியல் தொழிலாளர்கள், கைதிகளோடு ஒரே வகையில் உழைக்காதவர்களாக வைத்திருந்ததைக் கடுமையாகக் கண்டித்தது. அதைப் படித்தபோது எனக்கு அந்தக் கேரியர்கள்தான் கண்ணில் நின்றன.

இந்த எல்லை இயற்கை விதி அல்ல என்பதை நீங்கள் முக்கியமாகப் புரிந்துகொள்ள வேண்டும். மனிதர்கள் உட்கார்ந்து பேசி வகுத்த எல்லை. 1934இல் அமெரிக்க செனட்டுக்குத் தேசிய வருமான அறிக்கை கொடுத்த சைமன் குஸ்நெட்ஸ், அந்த அறிக்கையிலேயே இரண்டு விஷயம் சொன்னார். வருமானத் தொகையை வைத்து ஒரு நாட்டின் நலத்தை ஊகிக்க முடியாது என்பது ஒன்று. இதை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள், நீங்களும் காட்டுவீர்கள். இன்னொன்றை யாரும் காட்டுவதில்லை. இல்லத்தரசிகளின் சேவை மிகப் பெரியது, ஆனால் அதை மதிப்பிட நம்பகமான அடிப்படை இல்லை, ஆகவே விடுகிறேன் என்றார். சரி, ஒப்புக்கொள்வோம். அப்படியானால் சொந்த வீட்டில் குடியிருப்பவர் விஷயத்தில் என்ன செய்கிறார்கள்? அவர் யாருக்கும் வாடகை தருவதில்லை. ஆனாலும் அவர் தனக்குத் தானே வாடகை தந்துகொள்வதாக வைத்து ஒரு தொகை கணித்து ஜிடிபியில் சேர்க்கிறார்கள். உலகம் முழுக்க அப்படித்தான், இந்தியாவிலும் அப்படித்தான். யாரும் கொடுக்காத, யாரும் வாங்காத வாடகையை மதிப்பிட வழி கண்டுபிடித்தவர்களுக்கு, அந்த வீட்டைப் பெருக்கித் துடைத்துச் சமைக்கும் உழைப்பை மதிப்பிட வழி தெரியவில்லை என்பதை நான் ஏற்கமாட்டேன்.

கேட்டவர்கள் இல்லாமலும் இல்லை. 1940களில் ஃபிலிஸ் டீன் என்ற இளம் பிரிட்டிஷ் பொருளியலாளரை இன்றைய சாம்பியா, மலாவி நாடுகளின் வருமானத்தைக் கணக்கிட அனுப்பினார்கள். அவர் கிராமங்களில் போய்ப் பார்த்துவிட்டு, பெண்கள் விறகு சேர்ப்பதையும் சமைப்பதையும் விட்டுவிட்டு இங்கே ஒரு கணக்கு போடுவது பொருத்தமே இல்லை என்றார். 1953இல் ஐ.நா. உலகுக்கெல்லாம் பொதுவான விதிமுறை வெளியிட்டபோது அவர் பேச்சு ஏறவில்லை. நம் நாட்டில் 1970களில் தேவகி ஜெயின் ராஜஸ்தானிலும் மேற்கு வங்கத்திலும் சில கிராமங்களில், நீ என்ன தொழில் செய்கிறாய் என்று கேட்பதை விட்டு, நாள் முழுக்க யார் என்ன செய்கிறார்கள் என்று பார்த்து நேரத்தை எழுதினார். அரசுக் கணக்கு காட்டியதைவிட அதிகப் பெண்கள் உழைப்பது தெரிந்தது. அந்த வழியில்தான் இப்போது தேசிய அளவில் நேரப் பயன்பாட்டு ஆய்வு நடக்கிறது. முந்தைய நாள் அதிகாலை 4 மணியிலிருந்து மறுநாள் அதிகாலை 4 மணிவரை, அரை மணி அரை மணியாக. 2019இல் கூலியில்லா வீட்டுவேலை செய்த பெண்கள் அதில் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள். அந்த வேலையில் கைவைத்த ஆண்களே நூற்றுக்கு 26 பேர்தான். அவர்களும் செலவிட்டது 97 நிமிடம். 2024 ஆய்வில் பெண்களுக்கு 289, ஆண்களுக்கு 88. பெண்களுக்கு வேலை 10 நிமிடம் குறைந்தது, ஆண்களுக்கும் 9 நிமிடம் குறைந்துவிட்டது. ஜிடிபி எண்ணுக்குக் கிடைக்கும் தலைப்புச் செய்தியில் நூறில் ஒரு பங்கு இந்த எண்ணுக்குக் கிடைக்கவில்லை.

எதிர்த்தரப்பு சொல்வதையும் சொல்லிவிடுகிறேன், பாதி நியாயமாவது அதில் இருக்கிறது. வீட்டுவேலையை ஜிடிபியில் சேர்த்தால் வளர்ந்த ஆட்கள் அத்தனை பேரும் வேலையில் இருப்பவர்கள் ஆகிவிடுவார்கள், வேலையின்மை என்பதே காகிதத்தில் காணாமல் போய்விடும் என்கிறார்கள். உண்மை. வேலை கேட்டு அலையும் பெண்ணை, நீதான் வீட்டில் சமைக்கிறாயே என்று திருப்பி அனுப்ப ஓர் அரசுக்கு அது வசதியாகிவிடும். 2013இல் ஜெனீவாவில் கூடிய தொழிலாளர் புள்ளியியலாளர் மாநாடு இதற்கு ஒரு வழி கண்டது. சமையலும் பராமரிப்பும் உழைப்புதான் என்று எழுதி, ஊதிய வேலையை அதில் ஒரு வகையாகத் தனியே பிரித்தது. எனக்கும் இதில் ஒரு நிலைப்பாடு உண்டு, பல தோழிகளுக்குப் பிடிக்காத நிலைப்பாடு. வீட்டு உழைப்புக்கு ரூபாய் போட்டு ஜிடிபியில் சேர்க்க வேண்டாம் என்கிறேன். ரூபாய் போட வேண்டுமானால் எந்த விலையில் போடுவீர்கள்? டெல்லியில் வீட்டுவேலைக்கு வரும் பெண்ணின் சம்பளத்தில். அந்தச் சம்பளம் ஏன் அவ்வளவு குறைவு? வீட்டில் பெண்கள் இதைச் சும்மா செய்கிறார்கள் என்பதால். அந்த அநியாய விலையை எடுத்துத் தேசக் கணக்கில் ஏற்றி முத்திரை குத்த வேண்டுமா? யாராவது ஒருவர் பணம் கொடுத்தே தீர வேண்டிய இடத்தில் விலை வேண்டும்தான். ஜாம்ஷெட்பூர் தீ விபத்து வழக்கில் 2001இல் உச்ச நீதிமன்றம் இறந்துபோன இல்லத்தரசிகளின் சேவைக்கு மாதம் 3,000 ரூபாய் என்று வைத்தது. 2009இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி பிரபா ஸ்ரீதேவன் அமர்வு, இல்லத்தரசியின் உழைப்பை மதிப்பிடும் முறைகளை விரிவாக எடுத்து எழுதியது. டெல்லியில் ஒரு சாலை விபத்தில் இறந்த தம்பதியின் வழக்கில் 2021இல் நீதிபதி என்.வி. ரமணா அந்த 299 நிமிடத்தையே தீர்ப்பில் எடுத்துக்காட்டினார். தமிழ்நாட்டில் 2023இல் மாதம் ஆயிரம் ரூபாயாகத் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகையும் இந்தப் பேச்சின் ஒரு கிளைதான். எல்லாம் நல்லது. தேசக் கணக்கில் மட்டும் எனக்கு நிமிடங்கள் வேண்டும். ஜிடிபி அச்சாகும் அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில், இந்த ஆண்டு பெண்கள் எத்தனை மணி நேரம் உழைத்தார்கள், ஆண்கள் எத்தனை மணி நேரம் என்று போட வேண்டும். வளர்ச்சி என்று ஒன்று நடந்திருந்தால் அந்த மணிநேரத்தில் தெரியட்டும்.

நேரம் ஏன் என்று கேட்பீர்கள். டெல்லி ஜங்புராவில் பாராபுல்லா கால்வாய் ஓரம் மதராசி கேம்ப் இருந்தது தெரியுமா? தமிழ்நாட்டிலிருந்து வந்த குடும்பங்கள் பல பத்தாண்டுகளாக வாழ்ந்த இடம். உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2025 ஜூன் 1 அன்று இடிக்கப்பட்டது. சுமார் 370 வீடுகளில் 189 குடும்பங்களுக்கு நகரின் வடகோடியில் நரேலாவில் அடுக்கு வீடு என்றார்கள். அந்தப் பெண்களில் பலர் ஜங்புரா, போகல், நிஜாமுதீன் வீடுகளுக்கு நடந்து போய் வேலை செய்தவர்கள். பிள்ளைகள் பக்கத்தில் தமிழ்ப் பள்ளியில் படித்தார்கள். இப்போது மத்திய அரசின் திட்ட ஆலோசனை அமைப்பான நிதி ஆயோக்கின் பல்பரிமாண வறுமைக் குறியீட்டை எடுங்கள். 12 அளவைகள்: ஊட்டச்சத்து, பள்ளி, சமையல் எரிபொருள், கழிப்பறை, குடிநீர், வீடு, மின்சாரம், வங்கிக் கணக்கு என்று போகிறது. பயனுள்ள பட்டியல். நரேலாவுக்குப் போன குடும்பத்துக்கு வீடு என்ற கட்டத்திலும் கழிப்பறை என்ற கட்டத்திலும் முன்னேற்றம். வேலை என்று ஒரு கட்டம் அந்தப் பன்னிரண்டில் இல்லை. வேலைக்குப் போக எத்தனை மணி நேரம் என்றும் இல்லை. நடந்து போய்விட்டு மதியம் வீட்டுக்கு வந்து பிள்ளைக்குச் சோறு போட்டவள், இருட்டில் கிளம்பிப் பேருந்து மாறி மாறி வர வேண்டும், இல்லாவிட்டால் வேலையை விட வேண்டும். விட்டால் 92. குறியீட்டில் அந்தக் குடும்பம் ஏறியிருக்கும். அவள் ஒரு நாளின் 24 மணி நேரத்தை அரை அரை மணியாக எழுதிப் பார்த்தால்தான் என்ன நடந்தது என்று தெரியும்.

உங்கள் கட்டுரைக்கு இது உதவுமா என்று தெரியவில்லை. தேர்வில் குஸ்நெட்ஸ், ஹக், சென் என்று எழுதுங்கள், மதிப்பெண் வரும்.

ஆனால் எனக்காக ஒன்று செய்யுங்கள். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது நேரப் பயன்பாட்டு ஆய்வின் படிவத்தை மத்தியப் புள்ளியியல் அமைச்சகத்தின் இணையதளத்தில் எடுத்து அச்சடித்துக்கொண்டு போங்கள். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, அதிகாலை 4 மணியிலிருந்து ஒவ்வோர் அரை மணியாகக் கேட்டு எழுதுங்கள். ஒரே அரை மணியில் இரண்டு மூன்று வேலை செய்திருப்பார், எல்லாவற்றையும் எழுதுங்கள். அப்பா குறுக்கே வந்து பதில் சொன்னால் ஏற்காதீர்கள். 'நான் என்னப்பா பெருசா செய்யறேன்' என்று அம்மாவே சொல்லுவார், அதையும் ஏற்காதீர்கள். மறுநாள் உங்கள் அப்பாவுக்கும் உங்களுக்கும் அதே தாளை நிரப்புங்கள். அப்படியே பால் சொசைட்டியில் உறுப்பினர் அட்டை யார் பெயரில் இருக்கிறது, பால் பணம் யார் வங்கிக் கணக்கில் விழுகிறது என்று பாருங்கள். அம்மா பெயரில் இல்லாவிட்டால் மாற்ற என்ன வேண்டும் என்று சொசைட்டிச் செயலாளரிடம் கேளுங்கள். ஒரு விண்ணப்பமும் ஆதார் நகலும்தான் கேட்பார்கள் என்று நினைக்கிறேன். தாள்களை எனக்கு அனுப்புங்கள். படித்துவிட்டு எழுதுகிறேன்.